விழுகிறவனைக் கவனியுங்கள்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் ஆவடியைத் தாண்டியதும் இந்துக் கல்லூரி என்று ஒரு நிலையம் வரும். அதற்கு அடுத்தது பட்டாபிராம். இராணுவப் பண்டசாலைக்கென்று போட்ட கிளைப் பாதை இன்னும் அந்தப் பெயரோடேயே வழங்குகிறது. 2024 நவம்பரில் இவ்வூரில் 21 மாடி டைடல் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. பழைய ஊர் பாதி, புதிய பட்டணம் பாதி என்று இருக்கும் இடம்.

இவ்வூரில் ஒரு குடும்பத்தை நாம் கற்பனை செய்துகொள்வோம். தகப்பனார் ஆவடியில் உத்தியோகம். தாயார் பள்ளி உபாத்தியாயினி. மூத்த பெண் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வாரத்தில் மூன்று நாள் அவள் ரயிலை விட்டு இறங்கும்போது இரவு பத்து மணி ஆகிவிடுகிறது. பையன் ஏழாம் வகுப்பு. ஒரு நாள் சாப்பாடு ஆனபிறகு பெண் தன் செல்போனைத் தகப்பனாரிடம் நீட்டுகிறாள். "அப்பா, இந்த மாஸ்டரிடம் சேரலாமென்று பார்க்கிறேன். வீட்டிலிருந்தபடியே கற்றுக்கொள்ளலாமாம். தம்பிக்கும் சிலம்பம் உண்டு. மூன்று மாதத்தில் சர்ட்டிபிகேட் தருகிறார்களாம்."

இது கற்பனைக் குடும்பந்தான். ஆனால் இந்தக் குடும்பத்தை அறியாத வாசகர் நம்மில் யார்? கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தக் கையகலத் திரையைப் பார்க்கும் தகப்பனாருக்கு என்ன தெரிகிறது? கறுப்பு உடை தரித்த ஒருவர் நடுவில் நிற்கிறார். மூன்று பேர் மூன்று திக்கிலிருந்தும் பாய்கிறார்கள். அவர் ஒருவனுடைய மணிக்கட்டைத் தொடுகிறார்; அவன் கரணம் போட்டு விழுகிறான். இரண்டாமவன் கத்தியோடு வருகிறான். கத்தி நீட்டிய கையை அப்படியே நீட்டியபடி, புகைப்படத்துக்கு நிற்பவனைப்போல் நிற்கிறான். மாஸ்டர் சாவகாசமாக அந்தக் கையை முறுக்குகிறார். மூன்றாமவன் அருகில் வருமுன்பே தள்ளாடுகிறான். பின்னணியில் பேரிகை முழங்குகிறது. கீழே, இதைப் பார்த்தவர்களின் தொகை லட்சக்கணக்கில் போட்டிருக்கிறது.

லட்சம் பேர் பார்த்தார்கள் என்பது லட்சம் பேர் பார்த்தார்கள் என்பதற்குத்தான் சாட்சி. அதற்கு மேல் எதற்கும் அல்ல. கழைக்கூத்தைக் கூடத்தான் ஊரே கூடிப் பார்த்தது. கழைக்கூத்தாடி நிஜமாகவே கயிற்றின்மீது நடந்தான் என்பது வேறு விஷயம்.

தூரத்திலிருந்து வித்தை கற்பதே தப்பு என்று சொல்லும் கட்சியில் நாம் சேரவில்லை. ஏகலைவன் மண்ணால் செய்த உருவத்தின் முன்பு நின்று வில்வித்தை கற்றான் என்றால், அதை நாம் நம்பத் தயாராயிருக்கிறோம். ஏனெனில் அவனுக்கு எதிரே ஓர் இலக்கு இருந்தது. அம்பு இலக்கில் தைத்ததா, தவறியதா என்பதைத் துரோணர் வந்து சொல்ல வேண்டியதில்லை, இலக்கே சொல்லிவிடும். முகஸ்துதி செய்யத் தெரியாத உபாத்தியாயர் அது.

பெங்களூரில் வியாயாமசாலை நடத்திய கே.வி. ஐயர் அவர்களுடைய கதையும் இப்படித்தான். 1930-ஆம் வருஷத்தில் "மஸில் கல்ட்" என்ற புத்தகத்தை வெளியிட்ட இப்பெரியார், தபால் மூலமாகவே தேகப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். நேரில் கண்டிராத சிஷ்யர்கள் அவருக்குப் பணம் அனுப்பினார்கள். பாடங்கள் கடிதத்தில் போயின. (பிற்காலத்தில் இவரே கன்னடத்தில் நல்ல நாவல்களும் எழுதினார் என்பது உபரியான சந்தோஷம்.) இதில் ஏமாற்றுக்கு இடம் குறைவு. ஐயரின் தேகம் அவருடைய புத்தகத்துப் படங்களில் பிரத்தியட்சமாய் இருந்தது. சிஷ்யனுக்கோ அவன் வீட்டிலேயே ஓர் அளவு நாடா இருந்தது. ஆறு மாதம் பயிற்சி செய்தபின் மார்பைச் சுற்றி நாடாவைப் பிடித்தால், குருவின் யோக்கியதை அங்குலக் கணக்கில் தெரிந்துபோகும்.

ஆனால் சண்டை வித்தைக்கு அளவு நாடா எது? எதிராளிதான். விழ மனமில்லாத, உங்களை அடிக்கவேண்டும் என்றே வருகிற, உங்கள் மாஸ்டருக்குச் சம்பளம் கொடுக்காத ஓர் எதிராளி. அவன் செல்போன் திரையில் வரமாட்டான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது உலகமெங்கும் பயிற்சிக்கூடங்கள் பூட்டப்பட்டு, வகுப்புகள் திரைக்கு மாறின. கராத்தேக்காரர்கள் போட்டிகளைக்கூடத் திரை வழியே நடத்தினார்கள். எதில்? 'கட்டா' எனப்படும் தனி ஆட்டத்தில். ஒருவர் காற்றை எதிராளியாகப் பாவித்துச் செய்யும் அடிவரிசை அது. அவரவர் வீட்டுக் கூடத்தில் ஆடிப் படம் பிடித்து அனுப்பினார்கள். நடுவர்கள் மதிப்பெண் போட்டார்கள். இருவர் எதிர்நின்று மோதும் 'குமிட்டே'யை அப்படி நடத்த வழியில்லை. திரை வழியே எது வரும், எது வராது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை. நிற்கும் முறை, கால் வைக்கும் வரிசை, கம்பைக் கைமாற்றும் விதம், உடம்பை வளைத்து இளக்கும் பயிற்சி, நேற்று ஆசான் சொன்னதை மறவாமல் இருக்க ஒரு ஞாபகக் குறிப்பு ஆகிய இவையெல்லாம் திரையில் தாராளமாக வரும். அதற்கு மேல் ஏட்டுச் சுரைக்காய்தான்.

தபாலில் வந்த எமன்

கே.வி. ஐயர் பயன்படுத்திய அதே தபாலை அமெரிக்காவில் வேறொருவர் வேறுவிதமாகப் பயன்படுத்தினார். சிகாகோ நகரத்து ஜான் கீஹன் என்பவர் 1960-களில் தம் பெயரைக் 'கவுண்ட் டான்டே' என்று மாற்றிக்கொண்டார். சிறுவர்கள் வாசிக்கும் சித்திரக் கதைப் புத்தகங்களில் இவருடைய விளம்பரங்கள் வந்தன. உயிரோடிருப்பவர்களில் மிகக் கொடிய மனிதர் தாமே என்பது விளம்பரத்தின் சாரம். ஆசியாவில் ரகசியமாக நடந்த, சாவு வரை போராடும் பந்தயங்களில் வென்றவராம். பணம் அனுப்பினால் புத்தகம் வரும். கூடவே 'கருநாகச் சங்கம்' என்பதுபோல் ஒரு பயங்கரமான பெயர் கொண்ட சங்கத்தில் அங்கத்தினர் சீட்டும் வரும்.

அந்த ரகசியப் பந்தயங்கள் எந்த ஊரில், எந்தத் தேதியில், யாரோடு நடந்தன என்பதற்கு ஓர் ஆதாரமும் கிடையாது. ரகசியம் என்ற சொல் எவ்வளவு சௌகரியமானது பாருங்கள்! வென்றதற்குச் சாட்சி கேட்டால் ரகசியம். தோற்றவன் பெயர் கேட்டால் ரகசியம். கடைசியில் 1970-இல் இவர் தம் ஆட்களோடு சிகாகோவிலேயே போட்டிப் பயிற்சிக்கூடம் ஒன்றில் புகுந்தபோது நடந்த கைகலப்பில் இவருடைய நெருங்கிய சிநேகிதர் குத்துப்பட்டு இறந்தார். விளம்பரம் கதையாக இருந்தாலும் சாவு கதையாக இருக்கவில்லை. கீஹன் 1975-இல் முப்பத்தாறாவது வயதில் காலமானார்.

தபால் போய்த் திரை வந்திருக்கிறது. விளம்பர வாசகம் மட்டும் மாறவே இல்லை. "இது மிகவும் அபாயமானது, ஆகையால் போட்டியில் காட்ட முடியாது", "எங்கள் பரம்பரைக்கு மட்டும் தெரிந்தது", "மேல்நிலை வகுப்பில் சேர்ந்தால் சொல்லுவோம்" என்ற இந்த மூன்று வாக்கியங்களில் ஒன்று காதில் விழுந்தாலே பட்டாபிராம் தகப்பனார் பணப்பையைச் சட்டைக்குள் வைத்துக்கொள்வது உசிதம்.

குருவையே ஏமாற்றிய சிஷ்யர்கள்

இத்தனையும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்களைப் பற்றியது. அவர்களைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமல்ல. தாமே ஏமாந்துபோன குருமார்களின் விஷயந்தான் நம் மனத்தை நெடுநாளாகக் குடைகிறது.

ஜப்பானில் யானகி ரியூகென் என்று ஒரு வயோதிகர் இருந்தார். கையை வீசினால் போதும், பத்துப் பன்னிரண்டு சிஷ்யர்கள் தொடாமலே சுருண்டு விழுவார்கள். அந்தப் படங்களை இன்றும் பார்க்கலாம். சிஷ்யர்கள் விழுகிற அழகைப் பார்த்தால் நமக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் தட்டுகிறது, ஒருவேளை நிஜந்தானோ என்று. 2006-இல் அவர் தம் சக்தியை வெளியார் ஒருவரிடம், அதுவும் தேர்ந்த மல்லர் ஒருவரிடம், காட்டத் துணிந்தார். கையை வீசினார். மல்லர் விழவில்லை, நேரே வந்து குத்தினார். சிறிது நேரத்திற்குள் கிழவர் ரத்தம் வடியத் தரையில் கிடந்தார்.

இதைக் கேட்டுச் சிரிக்க நமக்கு வாய் வரவில்லை. சக்தி இல்லையென்று அறிந்த மோசக்காரர் யாராவது இப்படி வெளியாரை வரவழைத்து, தம் முகத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பாரா? அந்தக் கிழவர் நம்பினார் என்றுதான் நாம் கருதுகிறோம். முதலில் ஒரு சிஷ்யன் மரியாதைக்காகச் சற்றே சாய்ந்திருப்பான். அடுத்தவன், தான் மட்டும் சாயாமல் நின்றால் தன் பக்தியில் குறை என்று நினைப்பார்களோ என்று பயந்து விழுந்திருப்பான். பத்து வருஷம் எல்லாரும் விழுந்தால், விழவைப்பவர் நம்பாமல் என்ன செய்வார்? இதில் யார் குரு, யார் சிஷ்யன், யார் யாரை ஏமாற்றினார் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆகவேதான் சொல்கிறோம்: திரையில் மாஸ்டரைப் பார்க்காதீர்கள், விழுகிறவனைப் பாருங்கள். அவன் யார்? மாஸ்டரிடம் அவனுக்கு என்ன வேலை? அவன் விழாமலிருந்தால் அவனுக்கு என்ன நஷ்டம்?

அமெரிக்காவில் ஜார்ஜ் டில்மன் என்ற கராத்தே குருவும் தொடாமலே மயங்கவைப்பதாகச் சொல்லிக்கொண்டார். தொலைக்காட்சிக்காரர்கள் சந்தேகப் பிராணி ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் மயங்கவில்லை. ஏன் என்று கேட்டதற்குக் கிடைத்த விளக்கத்தை வாசகர்கள் ரசிப்பார்கள்: அந்த ஆசாமி நாக்கை வாய்க்குள் தப்பான இடத்தில் வைத்திருக்கலாம்; அல்லது ஒரு கால் கட்டைவிரலைத் தூக்கி மற்றொன்றை அழுத்தியிருக்கலாம்; அப்படிச் செய்தால் சக்தி பலிக்காதாம். இரவு பத்து மணிக்கு ரயிலடியில் வழி மறிக்கும் போக்கிரியிடம், "ஐயா, நாக்கை எங்கே வைத்திருக்கிறீர்?" என்று விசாரித்துக்கொண்டா இருக்க முடியும்?

சீனாவில் 2017 ஏப்ரலில் நடந்தது இன்னும் பெரிய அமளி. வெய் லெய் என்ற தாய்ச்சி குரு, அரசாங்கத் தொலைக்காட்சியிலேயே காட்டப்பட்டுப் பிரசித்தி அடைந்தவர். உள்ளங்கையில் புறாவை வைத்தால் அது பறக்க முடியாதாம். தர்ப்பூசணியைத் தட்டினால் தோல் அப்படியே இருக்க, உள்ளே சதை கூழாகிவிடுமாம். ஷு ஷியாவ்துங் என்ற மல்லர் அவரைச் செங்டு நகரத்தில் எதிர்கொண்டு, சில விநாடிகளில் கீழே தள்ளிவிட்டார். சீன ஜனங்கள் வெய் லெய்மேல் கோபித்துக்கொண்டார்களா? ஒரு சாரார் ஷுவின்மேல்தான் கோபித்தார்கள். தேசத்தின் புராதனக் கலையை அவமதித்துவிட்டான் என்று கூச்சலிட்டார்கள். அவருடைய சமூக வலைப் பக்கமும் மூடப்பட்டது. இதனால் தாய்ச்சியே பொய் என்று ஏற்பட்டுவிடவில்லை. ஒருவர் தோற்றால் ஒரு கலை தோற்றுவிடாது. ஆனால் புறா தோற்றுவிட்டது என்பது நிச்சயம்.

நம் வீட்டுக் கதை

அயல்நாட்டைப் பார்த்துச் சிரித்தது போதும். 1996-இல் 'இந்தியன்' படமும் 2011-இல் 'ஏழாம் அறிவு' படமும் வந்த பிறகு, வர்மக்கலை என்ற பேச்சு தமிழ்நாட்டு வீடுகளில் சகஜமாகிவிட்டது. வர்மங்கள் 108 என்றும், அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்றும் கணக்குச் சொல்லுவது மரபு. கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் பார்க்கும் வைத்தியத்தில் இந்த ஞானம் பெரும்பங்கு வகிக்கிறது. அதை நாம் லேசாக எண்ணவில்லை. கழுத்தின் இரு பக்கத்து ரத்தக் குழாய்களை ஒருசேர அழுத்தினால் ஏறக்குறைய பத்து விநாடியில் மனிதன் நினைவிழப்பான் என்பது வைத்தியரும் ஜூடோக்காரரும் அறிந்த சங்கதி. இன்னும் சற்று அழுத்தினால் உயிருக்கே அபாயம் என்பதால், இதைத் திரையைப் பார்த்து வீட்டில் தம்பிமேல் பரீட்சிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

ஆனால் 'நோக்கு வர்மம்' என்று, கண்ணால் பார்த்தே ஆளை வீழ்த்துவதாகச் சொல்லும் சமாசாரம் யானகி கிழவரின் கைவீச்சுக்குத் தாயாதி. ஜப்பானியன் சொன்னால் சிரிப்போம், தமிழன் சொன்னால் கைதட்டுவோம் என்றால் அது தேசபக்தி ஆகாது.

போதிதருமர் விஷயமும் இப்படியே. காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் சீனாவுக்குப் போய்க் குங்பூவைக் கற்பித்தார் என்று நம் மாஸ்டர்களில் பலர் பாடம் தொடங்குகிறார்கள். அவரைப் பற்றிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சீனக் குறிப்பு 547-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. மற்றொரு பழைய குறிப்பு தென்னிந்திய அரசகுமாரர் என்கிறது. இரண்டிலும் சண்டை வித்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவரைத் தேகப்பயிற்சியோடு சேர்த்துப் பேசும் நூலுக்குரிய தேதி 1624. ஆயிரத்துக்கு மேற்பட்ட வருஷம் பிந்தியது. சரி, எல்லாம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆறாம் நூற்றாண்டில் ஒரு மகான் நன்றாகக் கற்பித்தார் என்பதால், இன்று செல்போனில் தோன்றுபவர் நன்றாகக் கற்பிப்பார் என்று எப்படி ஏற்படும்? கம்பர் தமிழில் பாடினார் என்பதற்காகத் தமிழ் பேசும் நாமெல்லாரும் கம்பராகிவிட்டோமா?

பெருமைப்படுவதற்கு நமக்கு வேறு நல்ல ஆள் இருக்கிறார். 1910-இல் காமா பயில்வான் லண்டனுக்குப் போனார். எந்த எடையுள்ளவராயினும் சரி, மூன்று மல்லர்களை முப்பது நிமிஷத்தில் வீழ்த்துவேன் என்று அவர் சார்பில் சவால் விடப்பட்டது. கேட்டவர்கள் கப்ஸா என்று நினைத்தார்கள். பார்க்கப்போனால் அந்தச் சவாலுக்கும் கவுண்ட் டான்டேயின் விளம்பரத்துக்கும் சொல்லளவில் என்ன வித்தியாசம்? இரண்டும் பெரும் பேச்சுத்தான். ஆனால் காமா மேடையில் ஏறினார். அமெரிக்க மல்லர் ரோலரை வென்றார். போலந்து தேசத்து ஸ்பிஸ்கோ என்ற மகா மல்லர் செப்டம்பர் 10-ஆம் தேதி அவரோடு மோதியபோது, தரையோடு தரையாய்ப் படுத்துக்கொண்டு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார். வெற்றி தோல்வி இல்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி மோதுவதாக ஏற்பாடு, ஸ்பிஸ்கோ வரவில்லை. 1928 ஜனவரியில் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தார்கள். ஒரு நிமிஷம் ஆவதற்குள் ஸ்பிஸ்கோ மண்ணைக் கவ்வினார்.

இதில் நமக்கு மிகவும் பிடித்தது 1928 வெற்றியல்ல. 1910-இல் வெற்றி தோல்வி இல்லாமல் போனதுதான். எதிராளி விழாமலிருக்கப் பூரண சுதந்திரம் உள்ளவன் என்பது அதனால் ருசுவாகிறது. தேதி இருக்கிறது, ஊர் இருக்கிறது, எதிராளியின் பெயர் இருக்கிறது, முழு வெற்றி கிட்டாத நாளும் கணக்கில் இருக்கிறது. யாரிடமும் வெல்ல முடியாமற்போன நாளே கிடையாது என்று சொல்லும் மாஸ்டர், யாரோடும் மோதியதில்லை என்றே நாம் அர்த்தம் செய்துகொள்கிறோம்.

1882-இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ இதை நன்கு உணர்ந்தவர். பழைய ஜப்பானிய மற்போரில் இருந்த மிகக் கொடிய பிடிகளையும் அடிகளையும் அவர் பயிற்சி மோதலிலிருந்து விலக்கினார். ஏன்? மிச்சமிருக்கும் பிடிகளை மாணவர்கள் முழு பலத்தோடு, ஒருவரையொருவர் விடாமல் எதிர்த்துத் தினமும் பழகலாம் என்பதற்காக. கொல்லும் பிடி நூறு தெரிந்து ஒன்றையும் செய்து பாராதவனைவிட, தள்ளிவிடும் பிடி நாலு தெரிந்து ஆயிரம் முறை செய்து பார்த்தவனே கெட்டிக்காரன். அவருடைய முறையிலிருந்து பிறந்ததுதான் கறுப்புப் பட்டை. அதன் முதல் தரத்துக்கு ஜப்பானிய மொழியில் உள்ள பெயருக்கு 'முதல் படி' என்றுதான் பொருள். நம்மிலோ அதைக் கட்டியவுடன் கடைசிப் படி ஏறிவிட்டதாகப் பெயர்ப் பலகை மாட்டிவிடுகிறார்கள்.

நம் சிலம்பத்திலும் இரண்டு வழி உண்டு. ஒருவர் தனியே நின்று கம்பு சுற்றி அழகு காட்டுவது அலங்காரம். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவரையொருவர் கம்பால் தொட்டுக் கணக்கெடுப்பது தொடுமுறை. தொட்டது பொய்யில்லை என்று தெரியக் கம்பு நுனியில் சாயம் தடவும் வழக்கமும் உண்டு. சட்டையில் பட்ட பொட்டுக்கு எந்த மாஸ்டரும் வேறு வியாக்கியானம் சொல்ல முடியாது. செல்போனில் நூற்றுக்குத் தொண்ணூறு அலங்காரந்தான் வருகிறது. அது பார்க்க அழகு, தேகத்துக்கும் நல்லது, அதை இகழ்வதற்கில்லை. ஆனால் அலங்காரம் கற்ற பையன் தனக்குச் சண்டை தெரியும் என்று நினைத்துவிட்டால் வந்தது வினை.

சர்ட்டிபிகேட் விஷயத்துக்கு வருவோம். தமிழக அரசு உத்தியோகங்களில் விளையாட்டு வீரர்களுக்குள்ள 3 சதவிகித ஒதுக்கீட்டில் சிலம்பமும் 2021-இல் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. கிராமத்துத் திடலில் கிடந்த கலைக்கு இந்தக் கௌரவம் வந்தது மிக்க சந்தோஷம். ஆனால் தேன் இருக்கும் இடத்துக்கு எறும்பும் வரும். சங்கங்கள் பெருகின, ஒவ்வொரு சங்கத்துக்கும் 'அகில உலக' என்ற அடைமொழி வேறு. பானைமேல் நின்று ஒரு மணி நேரம், சக்கரச் சறுக்கு மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் என்று குழந்தைகளைக் கம்பு சுற்றவைத்து, தனியார் சாதனைப் புத்தகங்களில் கட்டணம் செலுத்திப் பதிவு செய்கிறார்கள். குழந்தை களைத்துப் போவது நிஜம், கேடயமும் நிஜம், உத்தியோக ஒதுக்கீட்டுக்கு அது செல்லுமா என்பதுதான் கேள்வி. அரசாங்கம் ஒப்புக்கொள்வது எந்தச் சங்கத்தின், எந்தப் போட்டியின் சான்றிதழ் என்பதைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பணம் கட்டுமுன் கேட்கவேண்டும். கட்டியபின் கேட்பவர்களுக்கு ஆறுதல் மட்டுமே கிடைக்கும்.

இனிப் பெண்ணின் காரியம். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஏனெனில் பையன் ஏமாந்தால் சில ஆயிரம் ரூபாயோடு போயிற்று. அவள் ஏமாந்தால் இரவு பத்து மணிக்கு அந்த ஏமாற்றம் வெளிப்படும்.

திரை மாஸ்டர், மணிக்கட்டைப் பிடித்தால் இப்படித் திருப்பி இழுத்து விடுவித்துக்கொள் என்று சொல்லித்தருகிறார். பிடிக்கும் உதவியாளர் மாஸ்டரின் கை திரும்பும்போதே தம் விரலைத் தளர்த்திவிடுகிறார். நிஜத்தில் பிடிப்பவன் ஒரு கையால் பிடித்து நிற்கமாட்டான். இழுப்பான், மற்றக் கையால் அடிப்பான். கத்திக்காரன் ஒரு தரம் குத்திவிட்டு நிற்கமாட்டான். கையை இழுத்து இழுத்துப் பலமுறை குத்துவான். இந்த வித்தியாசத்தைச் சொல்லாத பாடம், ஒன்றும் தெரியாமலிருப்பதைவிடக் கெடுதல். ஒன்றும் தெரியாத பெண் கூச்சலிட்டு ஓடியிருப்பாள். அரைகுறையாகத் தெரிந்தவள் நின்று பிடியைப் பரீட்சித்துக்கொண்டிருப்பாள்.

ஆகையால் நல்ல ஆசிரியரை அடையாளம் காண ஒரு சுலபமான வழி, முதல் நாள் என்ன சொல்லித்தருகிறார் என்று பார்ப்பது. ஓடு, கத்து, வெளிச்சமுள்ள பக்கம் போ, ரயிலில் 139, பெண்கள் உதவிக்கு 181, போலீஸுக்கு 112 என்று தொடங்குகிறவர் உலகம் தெரிந்தவர். பெரும்பாலும் அவர் திரையில் சோபிப்பதில்லை. ஓடுவதை யார் லட்சக்கணக்கில் பார்க்கப்போகிறார்கள்?

மற்றொன்று, சொல்லக் கூசினாலும் சொல்லாமல் விடக்கூடாதது. முகம் அறியாத ஆசிரியருக்குக் குழந்தை தனியாகத் தன் பயிற்சிப் படங்களை அனுப்பிக்கொண்டிருப்பதும், கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு திரையில் பேசுவதும் ஒருநாளும் ஆகாது. வகுப்பு கூடத்தில் நடக்கட்டும். தாயார் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு இருக்கட்டும். அதற்கு ஆட்சேபணை சொல்லும் ஆசிரியரிடம் அந்தக் கணமே வகுப்பை நிறுத்திவிடலாம். அதற்கு மேலும் ஏதாவது நடந்ததாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098; 2012-ஆம் வருஷத்துப் போக்ஸோ சட்டம் திரைக்கும் பொருந்தும்.

பட்டாபிராம் தகப்பனாருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் கம்பும் கராத்தேயும் சொல்லிக்கொடுப்பவர்களைத் தேடினால் நடந்துபோகும் தூரத்திலேயே அகப்படுவார்கள். காலையில் போய், ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பார்க்கலாம். மாணவர்கள் ஒருவரையொருவர் நிஜமாகவே எதிர்க்கிறார்களா? தலைக்கவசமும் மார்புக் கவசமும் இருக்கின்றனவா, இருந்தால் அவை அடிபட்டுப் பழசாயிருக்கின்றனவா? இரண்டு வருஷம் பழகிய பெண்கள் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள்? அவர்களில் யாராவது ஒருவர் வாத்தியாரைக் கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்கிறாரா, முறைக்கிறாரா? வாத்தியாருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார், எந்த ஊர் என்று கேட்டால் ஊரும் பெயரும் வருகின்றனவா, இமயமலை வருகிறதா?

திரை மாஸ்டரிடமே பையனுக்கு மனம் போய்விட்டது என்றால் அதற்கும் வழி உண்டு. அவருடைய மாணவர்கள் வெளியூர் மாணவர்களோடு தொடுமுறையில் அடுத்தபடி எங்கே, எந்தத் தேதியில் மோதுகிறார்கள் என்று எழுதிக் கேட்கவேண்டும். தேதி வந்தால் அன்றைக்குக் குடும்பத்தோடு ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வராவிட்டால் ரயில் சத்தம் மிச்சம்.